தின்னக்கூடியதும் தின்றதும்

மனித இனத்தின் தொல்முன்னோர் எதை உண்டு வாழ்ந்தனர் என்ற கேள்விக்கு நேரடியான சான்று கிடைப்பது மிக அரிது. பழமும் இலையும் கிழங்கும் தசையும் சில வாரங்களில் மட்கிவிடுகின்றன. அவற்றை உண்டவரின் குடலும் ஈரலும் அவ்வாறே மண்ணாகிவிடுகின்றன. பல லட்சம் ஆண்டுகளுக்குப் பின் நிலத்தடியில் எஞ்சுவன பற்களும், எலும்புத் துண்டுகளும், கல்லாயுதங்களும், அவை புதைந்து கிடந்த மண்ணுமே ஆகும். இவற்றைக் கொண்டு ஓர் உயிரினத்தின் உணவை அறிய முற்படும் ஆய்வாளர்கள் இருவகைச் சான்றுகளைக் கையாளுகின்றனர். தாடையின் அமைப்பும் பல்லின் வடிவமும் ஓர் உயிரினம் எவற்றையெல்லாம் தின்னக்கூடிய உடலைப் பெற்றிருந்தது என்பதைக் காட்டுகின்றன. பல்லின் மேற்பரப்பில் விழுந்த தேய்மானம், பல்லுக்குள் தங்கிய வேதித் தனிமங்கள், எலும்பின் மீது பதிந்த வெட்டுகள் ஆகியவை அவ்வினத்தைச் சேர்ந்த ஓர் உயிர் உண்மையில் எதைத் தின்றது என்பதைக் காட்டுகின்றன. முதல் வகைச் சான்றை இரண்டாம் வகைச் சான்றாக எண்ணிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அந்த எண்ணம் எவ்வாறு எழுந்தது, எவ்வாறு திருத்தப்பட்டது என்பதே இத்துறையின் வரலாற்றில் பெரும்பகுதி எனலாம்.

இந்த அத்தியாயத்தில் ஹோமினின் என்ற சொல் அடிக்கடி வரும். சிம்பன்சியின் முன்னோர் கிளையிலிருந்து பிரிந்த பின் மனிதக் கிளையில் தோன்றிய இனங்கள் அனைத்தையும், அழிந்துபோனவற்றையும் சேர்த்து, அச்சொல் குறிக்கும். அவற்றுள் சில நமக்கு நேர் முன்னோர். வேறு சில, பெரியப்பா சித்தப்பா வழி உறவினரைப் போல, நம் கிளைக்குப் பக்கத்தில் வளர்ந்து வாரிசின்றி முடிந்துபோனவை.

தாடை தந்த முடிவு

1959 ஜூலை 17 அன்று, இன்றைய தான்சானியாவிலுள்ள ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் மேரி லீக்கி ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தார். ஏறத்தாழ 18 லட்சம் ஆண்டுகள் பழமையான அந்த மண்டையோடு, இன்று பராந்த்ரோபஸ் பாய்சி என்று அழைக்கப்படும் இனத்தைச் சேர்ந்தது. அதன் கடைவாய்ப் பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் சேர்ந்து கொண்டிருந்த அரைக்கும் பரப்பு இன்றைய மனிதருக்கு உள்ளதைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்டது; பல்லை மூடியிருக்கும் கடினமான வெண்படலமாகிய எனாமல் வழக்கத்துக்கு மாறான தடிப்புடையது; முன்பற்களோ அவற்றோடு ஒப்பிட மிகச் சிறியவை. மண்டையின் உச்சியில் முன்னிருந்து பின்னாக ஓர் எலும்பு முகடு ஓடியது. தாடையை அசைக்கும் பொட்டுத் தசை வந்து பற்றிக்கொள்வதற்கு மண்டையின் பக்கங்கள் போதாமற்போன விலங்குகளில், எடுத்துக்காட்டாக ஆண் கொரில்லாவில், இத்தகைய முகடு வளர்கிறது. முன்னோக்கித் துருத்திய அகன்ற கன்ன எலும்புகளும் சேர்ந்து, மாபெரும் மெல்லும் ஆற்றலைக் கொண்ட ஓர் உயிரை அம்மண்டையோடு காட்டியது.

இவ்வளவு வலிய தாடையைக் கண்டவர்கள் அது கொட்டைகளையும் ஓடுள்ள விதைகளையும் உடைப்பதற்காகவே அமைந்தது என்று கருதியதில் வியப்பில்லை. 'கொட்டை உடைக்கும் மனிதன்' என்ற பட்டப்பெயர் அம்மண்டையோட்டுக்கு விரைவிலேயே ஒட்டிக்கொண்டு, பாடநூல்களிலும் அருங்காட்சியகங்களிலும் பல பத்தாண்டுகள் நிலைத்தது. மாற்றுக் கருத்தும் இல்லாமலில்லை. 1970இல் கிளிஃபர்ட் ஜாலி, எத்தியோப்பிய மலைகளில் புல்லையும் புல்விதைகளையும் தின்று வாழும் கெலாடா குரங்கை எடுத்துக்காட்டி, ஹோமினின்களின் பெரிய அரைக்கும் பற்களும் புல்விதை போன்ற சிறு உணவுகளை ஓயாமல் மெல்வதற்காகத் தோன்றியிருக்கலாம் என்று வாதிட்டார். கடினமான ஒன்றைச் சிலமுறை உடைப்பதற்கும், சத்துக் குறைந்த ஒன்றைப் பல்லாயிரம் முறை அரைப்பதற்கும் ஏறத்தாழ ஒரே வகையான தாடை தேவைப்படக்கூடும் என்பதால், வடிவத்தை மட்டும் வைத்து இவ்விரு கருத்துகளுக்கிடையே தீர்ப்புச் சொல்ல இயலவில்லை.

வடிவத்தை நம்புவதில் மற்றொரு சிக்கலும் உண்டு. விலங்குகள் தம் உடல் எதற்குப் பொருத்தமாக அமைந்துள்ளதோ அதையே நாள்தோறும் தின்கின்றன என்பதில்லை. நார்மிகுந்த இலைகளை அரைக்கவல்ல பற்களைக் கொண்ட கொரில்லா, பழம் கிடைக்கும் இடங்களில் பழத்தையே விரும்பித் தேடுகிறது. பழமற்ற மாதங்களில்தான் அதன் பற்களின் முழு ஆற்றலும் தேவைப்படுகிறது. பஞ்ச காலத்தில் உயிர்காக்கும் உணவு ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே தின்னப்பட்டாலும், அதை மெல்ல முடியாதவை மடிந்து மெல்ல முடிந்தவை பிழைப்பதால், தலைமுறை தலைமுறையாகப் பல்லின் வடிவத்தை அவ்வுணவே தீர்மானிக்கக்கூடும். ஆகவே பாய்சியின் தாடை அந்த இனத்தின் அன்றாட உணவையும் காட்டியிருக்கலாம், அருகிய உணவையும் காட்டியிருக்கலாம். இரண்டில் எது என்று அறிய வேறு சான்று வேண்டியிருந்தது.

கீறல்களும் குழிகளும்

அத்தகைய சான்றுகளில் ஒன்று பல்லின் நுண்தேய்வு, அதாவது உணவும் அதனோடு ஒட்டிவந்த மணலும் எனாமலின் மேல் விட்டுச்செல்லும், கண்ணுக்குப் புலப்படாத தடயங்கள். கடினமான பொருளைப் பல்லிடுக்கில் வைத்து நொறுக்கும்போது எனாமலில் சிறு குழிகள் விழுகின்றன. இலை, தண்டு போன்ற கிழிபடாத உணவை மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றன்மேலொன்று வழுக்கி அறுக்கும்போது இணையான நுண்கீறல்கள் ஏற்படுகின்றன. 1978இல் ஆலன் வாக்கரும் அவருடன் பணியாற்றியோரும் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரே பாறைக்குன்றுகளில் வாழும் இரண்டு ஹைராக்ஸ் இனங்களை ஒப்பிட்டனர். ஹைராக்ஸ் என்பது முயலளவுள்ள ஒரு பாலூட்டி. அவ்விரு இனங்களில் ஒன்று மழைக்காலத்தில் புல் மேய்வது, மற்றது இலை கொறிப்பது. புல் மேய்ந்ததன் பற்கள் கீறல்கள் நிறைந்தும், இலை கொறித்ததன் பற்கள் வழவழப்பாகவும் இருந்தன. வறட்சிக் காலத்தில் முதல் இனமும் இலைக்கு மாறியபோது அதன் பல்லின் தோற்றமும் மாறியது. உணவு மாறினால் தடயமும் மாறும் என்பது இதனால் உறுதியாயிற்று.

தொடக்கத்தில் மின்னணு நுண்ணோக்கிப் படங்களில் குழிகளையும் கீறல்களையும் ஒவ்வொன்றாக எண்ணி வந்தனர். எண்ணுபவருக்கு எண்ணுபவர் கணக்கு வேறுபட்டதால், பின்னாளில் பல்லின் மேற்பரப்பை முப்பரிமாணத்தில் அளந்து, அதன் கரடுமுரடான தன்மையையும் கீறல்களின் திசையையும் கணினியே கணக்கிடும் முறை வந்தது. 2008இல் பீட்டர் உங்கர், ஃபிரெட் கிரைன், மார்க் டீஃபோர்ட் ஆகியோர் இம்முறையைப் பாய்சியின் பற்களில் பயன்படுத்தினர். அவர்கள் பார்த்த 53 மாதிரிகளில் உயிருடன் இருந்தபோது ஏற்பட்ட தேய்வு சிதையாமல் காணப்பட்டவை ஏழே ஏழு. எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளிலிருந்து வந்து, ஏறத்தாழ பத்து லட்சம் ஆண்டு இடைவெளியில் வாழ்ந்த அந்த ஏழில் ஒன்றிலும் கொட்டை உடைத்ததற்கான குழிகள் இல்லை. மெல்லிய கீறல்களே இருந்தன. கடின விதைகளை உடைக்கும் கப்புச்சின், மங்கபி ஆகிய குரங்குகளின் பற்களோடு அவை சிறிதும் ஒத்துப்போகவில்லை.

தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த பராந்த்ரோபஸ் ரொபஸ்டஸ் என்ற நெருங்கிய உறவினத்தின் பற்களோ இதற்கு மாறாகக் குழிகள் கொண்டிருந்தன. ஏறத்தாழ ஒரே வகைத் தாடையைப் பெற்ற இரு இனங்கள் வெவ்வேறு உணவுகளைத் தின்றிருக்கின்றன என்பதே இதன் பொருள். எனினும் நுண்தேய்வுக்கு ஓர் எல்லை உண்டு. புதிய உணவு பழைய தடயத்தை அழித்துக்கொண்டே இருப்பதால், பல்லில் எஞ்சுவது அவ்வுயிர் சாவதற்கு முந்தைய சில நாட்கள் அல்லது வாரங்களின் பதிவு மட்டுமே. ஆய்வாளர்கள் இதைக் 'கடைசி உணவு விளைவு' என்கின்றனர். ஏழு பற்களும் தற்செயலாகக் கொட்டை கிடைக்காத பருவத்தில் இறந்தவற்றினுடையவை என்று ஒருவர் வாதிட்டால், நுண்தேய்வு ஒன்றை மட்டும் கொண்டு அதை மறுப்பது கடினம்.

எனாமலில் தங்கிய கார்பன்

நாட்களைக் கடந்து ஆண்டுகளின் உணவைக் காட்டும் சான்று பல்லின் வேதியியலில் கிடைத்தது. கார்பன் அணுக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 99 பங்கு 12 என்ற நிறையெண் கொண்டவை. மீதியில் பெரும்பகுதி 13 என்ற நிறையெண் கொண்ட, சற்றே கனமான அணுக்கள். ஒரே தனிமத்தின் இவ்வாறு நிறை வேறுபட்ட வடிவங்கள் ஐசோடோப்புகள் எனப்படும். தாவரங்கள் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்து ஒளிச்சேர்க்கை செய்யும்போது கனமான கார்பனை ஓரளவு ஒதுக்கிவிடுகின்றன. எவ்வளவு ஒதுக்குகின்றன என்பது ஒளிச்சேர்க்கையின் வழியைப் பொறுத்தது. மரங்கள், செடிகொடிகள், பழங்கள், பயறுகள், நெல், கோதுமை ஆகியவை முதலில் மூன்று கார்பன் அணு கொண்ட சேர்மத்தை உருவாக்குவதால் சி3 தாவரங்கள் எனப்படுகின்றன. இவை கனமான கார்பனைப் பெருமளவு ஒதுக்குகின்றன. வெப்பமண்டலத்தின் திறந்தவெளிப் புற்களும், கோரைகளில் பலவும், சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு, மக்காச்சோளம் ஆகியவையும் நான்கு கார்பன் அணு கொண்ட சேர்மத்தை முதலில் உருவாக்கும் சி4 தாவரங்கள். இவை அவ்வளவாக ஒதுக்குவதில்லை. உலகப் பொது அளவுகோலோடு ஒப்பிடும்போது, சி3 தாவரங்களில் கனமான கார்பனின் விகிதம் ஆயிரத்துக்குச் சராசரியாக 27 குறைவாகவும், சி4 தாவரங்களில் 12 குறைவாகவும் உள்ளது.

தின்னப்பட்ட தாவரத்தின் இந்த வேறுபாடு தின்ற உயிரின் உடலிலும் பதிகிறது. பெரிய தாவர உண்ணிகளின் எனாமல், அவை தின்ற தாவரத்தைவிட ஏறத்தாழ 14 அலகு உயர்ந்த மதிப்பைக் காட்டுவதால், இலையும் பழமும் மட்டும் தின்ற விலங்கின் எனாமல் கழித்தல் 13 அளவிலும், புல் மட்டும் மேய்ந்த விலங்கின் எனாமல் கூட்டல் 2 அளவிலும் அமைகிறது; இடைப்பட்ட மதிப்பிலிருந்து இரண்டின் பங்கையும் கணக்கிடலாம். வட அமெரிக்காவின் பழங்குடிகள் எப்போது மக்காச்சோளத்தை உண்ணத் தொடங்கினர் என்பதை அவர்களின் எலும்பிலிருந்து அறிவதற்கு நிக்கோலாஸ் வான் டெர் மெர்வேயும் ஜான் ஃபோகலும் 1970களில் பயன்படுத்திய இம்முறை, பின்னர் எலும்பைவிட நெடுங்காலம் மாறாதிருக்கும் எனாமலுக்கு மாற்றப்பட்டதால், பல லட்சம் ஆண்டுப் பழமையான பற்களையும் ஆராய வழி பிறந்தது. எனாமல் குழந்தைப் பருவத்திலும் வளரும் பருவத்திலும் உருவாகிப் பின் மாறாதது. ஆகவே அது காட்டுவது அந்தப் பருவத்து உணவையே என்பதும் மனத்தில் கொள்ளத்தக்கது.

1999இல் மாட் ஸ்பான்ஹைமரும் ஜூலியா லீ-தார்ப்பும், தென்னாப்பிரிக்காவின் மகபான்ஸ்காட் குகையில் கிடைத்த ஆஸ்ட்ரலோபித்தேகஸ் ஆப்பிரிக்கானஸ் பற்களை ஆராய்ந்து, காட்டுப் பழங்களை நம்பி வாழ்ந்ததாகக் கருதப்பட்ட அந்த இனம் சி4 தாவரங்களையோ அவற்றைத் தின்ற உயிர்களையோ கணிசமாக உண்டிருந்தது என்று காட்டினர். பின்வந்த ஆய்வுகள் சேர்ந்தபோது ஒரு கால வரிசை தெளிந்தது. 44 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எத்தியோப்பியாவில் வாழ்ந்த ஆர்டிபித்தேகஸ் ராமிடஸ் பெரும்பாலும் சி3 உணவையே உண்டது. ஏறத்தாழ 40 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆஸ்ட்ரலோபித்தேகஸ் அனமென்சிசும் அவ்வாறே. 35 லட்சம் ஆண்டு அளவில்தான் கிழக்காப்பிரிக்காவிலும் சாட் நாட்டிலும் ஹோமினின்கள் திறந்த புல்வெளியின் உணவுகளைச் சேர்த்துக்கொண்டன. இரண்டு காலில் நடப்பது அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டதால், புல்வெளி உணவைத் தேடியே நம் முன்னோர் நிமிர்ந்தனர் என்ற பழைய விளக்கம் இதனால் வலுவிழந்தது.

பாய்சியின் முறை 2011இல் வந்தது. துரே செர்லிங் தலைமையிலான குழு, கென்யாவில் 19 லட்சம் முதல் 14 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த 22 பாய்சிகளின் 24 பற்களை ஆராய்ந்தபோது, உணவில் சி4 பங்கு சராசரியாக நூற்றுக்கு 77 எனத் தெரிந்தது. அந்த நிலப்பரப்பில் அதே காலத்தில் வாழ்ந்த வரிக்குதிரை, நீர்யானை, பன்றி ஆகிய மேய்ச்சல் விலங்குகளின் வரிசையில் வைக்கத்தக்க மதிப்பு இது. வேறெந்த மனிதக்குரங்கிலும் இன்றுவரை காணப்படாதது. ஆப்பிரிக்கக் காடுகளின் கொட்டைகளும் கடினப் பழங்களும் சி3 மரங்களில் விளைபவை என்பதால், கொட்டை உடைத்து வாழ்ந்த உயிர் என்ற விளக்கத்துக்கு இனி இடமில்லாமற் போயிற்று. நுண்தேய்வு சில நாட்களைப் பற்றிச் சொன்னதையே கார்பன் பல ஆண்டுகளைப் பற்றியும் சொன்னது. ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றுகள் ஒரே இடத்தில் சந்தித்தமையால், அந்த ஏழு பற்களும் தற்செயல் என்ற ஐயமும் நீங்கியது. புல்லின் இலையும் தண்டும், கோரையின் தண்டும் கிழங்கும் போன்ற, கிடைப்பதற்கு எளிதும் சத்தில் குறைவுமான உணவை நாள் முழுவதும் அரைப்பதற்கே அந்த மாபெரும் தாடை பயன்பட்டிருக்க வேண்டும். அவ்வாறாயின், பட்டப்பெயர் பெற்ற மண்டையோட்டுக்கு நெருக்கமாகப் பொருந்துவது 1970இல் ஜாலி காட்டிய கெலாடாவின் வாழ்க்கைதான்.

ரொபஸ்டஸின் எனாமலோ சி4 பங்கை ஏறத்தாழ மூன்றில் ஒன்றாக மட்டுமே காட்டியது. 2006இல் ஸ்பான்ஹைமர் குழு, லேசர் கதிரால் பல்லின் வளர்ச்சிக் கோடுகளின் வரிசையில் நுண்ணிய துளிகளை எடுத்து அளந்தபோது, ஒரே பல்லுக்குள்ளேயே பருவத்துக்குப் பருவமும் ஆண்டுக்கு ஆண்டும் உணவு மாறியிருப்பது தெரிந்தது. இவ்வினம் வாழ்ந்த சுவார்ட்கிரான்ஸ் போன்ற குகைகளில் கிடைத்த கூர்முனை எலும்புகளின் தேய்மானத்தை ஃபிரான்செஸ்கோ டெரிக்கோவும் லூசிண்டா பேக்வெல்லும் 2001இல் ஆராய்ந்து, அவை கரையான் புற்றைத் தோண்டப் பயன்பட்டிருக்க வேண்டும் என்றனர். புல் தின்னும் கரையானைத் தின்றாலும் எனாமலில் சி4 கார்பன் சேரும் என்பதால், சி4 மதிப்பு ஒன்றைக் கண்டவுடன் புல் தின்றது என்று முடிவுகட்டுவதும் கூடாது.

எலும்பில் விழுந்த வெட்டு

இறைச்சியைப் பற்றிய ஆய்விலும் இதே பாடம் வேறொரு வடிவில் கற்கப்பட்டது. மகபான்ஸ்காட் குகையில் குவிந்து கிடந்த விலங்கு எலும்புகளைக் கண்ட ரேமண்ட் டார்ட், அவற்றில் சில உறுப்புகளின் எலும்புகள் மிகுந்தும் சில குறைந்தும் இருந்தமையால், ஆஸ்ட்ரலோபித்தேகஸ் அவற்றை ஆயுதங்களாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது என்றும், அது கொடிய வேட்டையாடி என்றும் எழுதினார். இக்கருத்தைச் சோதிக்கப் புறப்பட்ட சி. கே. பிரெய்ன், நமீபியாவில் குய்செப் ஆற்றங்கரைச் சிற்றூர்களில் மக்கள் உண்டு எறிந்து, பின்னர் நாய்கள் கடித்த ஆட்டெலும்புகளைச் சேகரித்து எண்ணினார். அங்கும் அதே வகை எலும்புகளே மிஞ்சியிருந்தன. கெட்டியானவை பிழைக்கும், மெல்லியவை நொறுங்கும் என்பதே காரணம். யாரும் அவற்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. சுவார்ட்கிரான்ஸில் கிடைத்த ஓர் இளம் ரொபஸ்டஸின் மண்டையில் இருந்த இரண்டு துளைகள் சிறுத்தையின் கோரைப்பற்களின் இடைவெளிக்குப் பொருந்தின. வேட்டையாடியதாக எண்ணப்பட்டவை பல வேளைகளில் வேட்டையாடப்பட்டவை என்று 1981இல் வெளிவந்த தம் நூலில் பிரெய்ன் நிறுவினார்.

எலும்புக் குவியல் ஒன்று இருப்பது இறைச்சி உண்டதற்குச் சான்றாகாது என்றான பின், எலும்பின் மேற்பரப்பை உற்றுநோக்கும் முறை வளர்ந்தது. கல்லாயுதத்தின் கூர்விளிம்பு எலும்பில் இழுபடும்போது, அடியில் இணையான நுண்கோடுகள் கொண்ட, ஆங்கில வி எழுத்து போன்ற குறுகிய பள்ளம் விழுகிறது. விலங்கின் பல் அகன்று வழவழப்பான பள்ளத்தை விடுகிறது. மஜ்ஜையை எடுக்கக் கல்லால் அடித்த இடத்தில் குழியும் அதனருகே கீற்றுகளும் தோன்றுகின்றன. வெட்டு எங்கு விழுந்துள்ளது என்பதும் முக்கியம். சதைப்பற்றுள்ள மேற்காலெலும்பின் நடுத்தண்டில் வெட்டுகள் இருந்தால், சதை தின்னப்படுவதற்கு முன்பே மனிதர் அவ்வுடலை அடைந்திருந்தனர் என்று கொள்ளலாம். சிங்கமும் கழுதைப்புலியும் தின்றுபோன மிச்சத்தில் அவ்விடத்தில் வெட்டுவதற்கு ஒன்றுமிராது. பாய்சி கிடைத்த அதே ஓல்டுவாய் தளத்தின் எலும்புகளில் வெட்டுத் தடங்கள் உள்ளன என்பதை 1981இல் ஹென்றி பன்னும், தனியே ரிச்சர்ட் பாட்ஸ், பாட் ஷிப்மன் ஆகியோரும் வெளியிட்டது முதல், அவை வேட்டையின் தடங்களா, பிற விலங்குகளின் எச்சத்தைப் பொறுக்கியதன் தடங்களா என்ற விவாதம் நீண்டகாலம் நடந்தது.

எத்தியோப்பியாவின் பௌரியில் கிடைத்த வெட்டுண்ட எலும்புகள் 25 லட்சம் ஆண்டு பழமையானவை. திக்கிக்காவில் 34 லட்சம் ஆண்டு பழமையான இரண்டு எலும்புகளில் வெட்டுகள் உள்ளன என்று 2010இல் அறிவிக்கப்பட்டபோது, கூழாங்கல் நிலத்தில் விலங்குகள் மிதித்தாலும் முதலை கடித்தாலும் அத்தகைய தடங்கள் விழக்கூடும் என்று மறுப்பு எழுந்தது. அக்கருத்து வேறுபாடு இன்னும் ஓயவில்லை. கென்யாவின் கஞ்சேரா தெற்குத் தளத்தில், ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன், சிறு மான்களின் உடல்கள் முழுமையாகவும் பெரிய விலங்குகளின் தலைகள் தனியாகவும் கொண்டுவரப்பட்டிருக்கின்றன. தலையினுள் உள்ள மூளை, பிற ஊனுண்ணிகள் எளிதில் எட்டாத கொழுப்புச் சேமிப்பு என்பது இதன் விளக்கம். அதே நாட்டில் கூபி ஃபோராவில், 19.5 லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஆமை, முதலை, மீன் ஆகியவையும் அறுத்துத் தின்னப்பட்டன.

இவற்றைக் கண்டு, இறைச்சி உண்ணத் தொடங்கியதால் மூளை பெரிதாயிற்று என்ற கருத்து பரவலாயிற்று. ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. அந்தச் செலவை ஈடுகட்ட, எளிதில் செரிக்கும் சத்தான உணவைக் கொண்டு குடலைச் சுருக்கியிருக்க வேண்டும் என்று 1995இல் லெஸ்லி அய்யெல்லோவும் பீட்டர் வீலரும் வாதிட்டனர். எனினும் 2022இல் ஆண்ட்ரூ பார் குழு, கிழக்காப்பிரிக்காவில் 26 லட்சம் முதல் 12 லட்சம் ஆண்டுகளுக்கு இடைப்பட்ட 59 தளநிலைகளின் எலும்புகளைத் தொகுத்து, நாமும் அடங்கும் ஹோமோ பேரினத்தைச் சேர்ந்த ஹோமோ எரெக்டஸ் தோன்றிய பின் வெட்டுண்ட எலும்புகள் பெருகியதாகத் தோன்றுவதற்கு, அக்காலத்துப் படிவுகள் மிகுதியாக அகழப்பட்டதே பெரும்பாலும் காரணம் என்று காட்டியது. தேடிய அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், உயர்வு தெளிவாகப் புலப்படவில்லை.

நைட்ரஜனும் பற்காரையும்

ஓர் உயிர் உணவுச் சங்கிலியில் எந்தப் படியில் இருந்தது என்பதை நைட்ரஜன் ஐசோடோப்புகள் காட்டுகின்றன. தின்னப்படும் உயிரைவிடத் தின்னும் உயிரின் உடலில் கனமான நைட்ரஜனின் விகிதம் ஆயிரத்துக்கு மூன்று நான்கு அலகுகள் உயர்கிறது. எனவே புல்லைவிட மானும், மானைவிடச் சிங்கமும் உயர்ந்த மதிப்பைக் காட்டும். நெடுங்காலம் இந்த அளவீடு எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தையே நம்பியிருந்ததால், அப்புரதம் சிதையாத அண்மைக் காலங்களுக்கு அப்பால் செல்ல முடியவில்லை. எனாமலுக்குள் சிறைப்பட்ட மிகச் சிறிதளவு கரிமப் பொருளையும் அளக்கும் முறை வளர்ந்ததும் அந்த எல்லை பின்னே தள்ளப்பட்டது. 2025இல் டினா லூடெக்கே குழு, தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபொன்டெய்ன் குகையில் கிடைத்த ஏழு ஆஸ்ட்ரலோபித்தேகஸ் பற்களை இவ்வாறு அளந்தபோது, அவற்றின் மதிப்புகள் தாவர உண்ணிகளோடு சேர்ந்திருந்தன; பாலூட்டிகளின் இறைச்சியை அவை கணிசமாக உண்டதற்கான அறிகுறி இல்லை.

நைட்ரஜனின் மறுபக்கத்தை நியாண்டர்தால் மனிதரின் ஆய்வு விளக்குகிறது. குரோவேஷியாவின் விண்டியா குகை நியாண்டர்தால்களின் எலும்புகளை 2000இல் அளந்த மைக்கேல் ரிச்சர்ட்ஸ் குழு, அவர்கள் உணவுச் சங்கிலியின் உச்சியில் இருந்த ஊனுண்ணிகள் என்றது. பதினோரு ஆண்டுகளுக்குப் பின், அமாண்டா ஹென்றி குழு, இராக்கின் ஷனிடார் குகை நியாண்டர்தால்களின் பல்லில் கெட்டியாகப் படிந்திருந்த பற்காரையைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து, அதில் வெந்ததால் உருமாறிய மாவுச்சத்துத் துகள்களைக் கண்டது. அவற்றில் பார்லி இனத்துப் புல்விதைகளின் துகள்களும் இருந்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. கொலாஜனிலுள்ள நைட்ரஜன் பெரும்பாலும் உணவின் புரதத்திலிருந்து வருகிறது; மாவுச்சத்து மிகுந்து புரதம் குறைந்த கிழங்கையும் விதையையும் ஒருவர் எவ்வளவு உண்டாலும், அது அந்த அளவீட்டில் அரிதாகவே தெரியும். பற்காரையோ ஒரு பொருள் வாய்க்குள் போயிற்று என்று காட்டும்; எவ்வளவு போயிற்று என்று காட்டாது.

அழியாத விதைகள்

கல்லும் எலும்பும் நிலைத்திருக்க இலையும் கிழங்கும் மட்கிவிடுவதால், தொல்லியல் பதிவு தொடக்கத்திலிருந்தே இறைச்சியின் பக்கம் சாய்ந்திருக்கிறது. இச்சாய்வு எவ்வளவு பெரியது என்பதை, தாவரங்கள் தற்செயலாக அழியாமல் தப்பிய ஒரு சில இடங்களே உணர்த்துகின்றன. இஸ்ரேலில் யோர்தான் ஆற்றங்கரையிலுள்ள கெஷர் பெனோட் யாகோவ் தளம் 7,80,000 ஆண்டுகள் பழமையானது. நீர் தேங்கிய மண்ணில் காற்றுப் புகாததால் அங்கு விதைகளும் கொட்டைகளும் மரக்கட்டைகளும் மிஞ்சின. உண்ணத்தக்க 55 வகைத் தாவரங்கள் அங்கு அடையாளம் காணப்பட்டுள்ளன. அவற்றுள் நீரில் விளையும் சிங்காரக்கொட்டையும், இன்று பீகாரின் குளங்களில் பயிராகி மக்கானா என்ற பெயரில் விற்கப்படும் விதையும் உண்டு. கொட்டை உடைத்ததால் குழி விழுந்த கற்களும், நெருப்பின் தடயங்களும், சமைக்கப்பட்ட கெண்டை மீன்களின் பற்களும் அங்கேயே கிடைத்துள்ளன. இவ்வளவும் ஏரிக்கரை ஒன்றில் மண் ஈரமாகவே இருந்ததால் தெரியவந்தவை. உலர்ந்த நிலத்தில் அதே மனிதர் அதே உணவை உண்டிருந்தால், யானையின் எலும்பும் சில கல்லாயுதங்களும் மட்டுமே கிடைத்து, அவர்கள் வேட்டையை மட்டும் நம்பியவர்கள் என்று நூல்கள் எழுதியிருக்கக்கூடும்.

ஆதி உணவு எது?

தமிழ்நாட்டிலும் 'பேலியோ' என்ற பெயரில் பரவியுள்ள உணவுமுறை, தானியங்களை விலக்கி இறைச்சியையும் கொழுப்பையும் முதன்மையாக்கி, கற்கால மனிதரின் உணவே மனித உடலுக்கு இயல்பானது என்ற கருத்தை அடிப்படையாகக் கொண்டது. அந்த உணவுமுறை ஒருவரின் எடையையோ சர்க்கரை அளவையோ குறைக்கிறதா என்பது மருத்துவம் ஆராய வேண்டியது. தொல்லியல் அதற்கு விடை தராது. ஆனால் அது துணைக்கு அழைக்கும் ஒற்றை ஆதி உணவு என்ற கருத்தை இந்த அத்தியாயத்தில் கண்ட சான்றுகள் தாங்குவதில்லை. ஆர்டிபித்தேகஸ் காட்டின் உணவை உண்டது. பாய்சி புல்லையும் கோரையையும் மென்றது. ரொபஸ்டஸ் பருவத்துக்கேற்ப மாற்றிக்கொண்டது. ஹோமோ இனங்கள் மானையும் மீனையும் அறுத்தன, விதையையும் வாட்டின. புல்விதைகளைச் சமைத்துண்ட நியாண்டர்தால்கள், வேளாண்மை தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவர்கள்.

இவ்வளவு வேறுபாட்டுக்கிடையே ஒரு போக்கைக் காண இயலுமென்றால், அது உணவின் வகையில் இல்லை, உணவைப் பெறும் முறையில் உள்ளது. பாய்சி தன் உணவுக்கேற்பத் தாடையையும் பல்லையும் பெருக்கிக்கொண்டது. ஏறத்தாழ 12 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அதன் தடயம் மறைந்தது. ஹோமோவின் கிளையிலோ, கல் வெட்டியது, கல் நசுக்கியது, பின்னர் நெருப்பு வேகவைத்தது. வாய் செய்ய வேண்டிய வேலையைக் கை செய்யத் தொடங்கியதால் பற்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. பல் சிறுக்கச் சிறுக்க, அப்பல்லின் வடிவம் உணவைப் பற்றிச் சொல்லக்கூடியதும் குறைந்தது. மனிதரின் பல்லை மட்டும் பார்க்கும் ஆய்வாளர் ஒருவர், அவர்கள் எலும்பை உடைத்து மஜ்ஜையையும் ஓட்டை உடைத்துக் கொட்டையையும் தின்றவர்கள் என்று ஊகிக்கவே முடியாது. தாடையைக் கொண்டு உணவைக் கணிக்கும் முறை பாய்சியிடம் ஒரு காரணத்தால் தவறியது, நம்மிடம் வேறொரு காரணத்தால் தவறுகிறது. வடிவம், தேய்வு, வேதியியல், வெட்டுத் தடம், விதை என்ற ஐந்தையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்த பின்னரே முன்னோரின் உணவைப் பற்றிய எந்தக் கூற்றையும் ஏற்பது என்ற நெறி இத்துறையில் நிலைபெற்றதற்கு இவ்விரு தவறுகளுமே காரணம்.